செபாங் 14-வது வளைவு: ஒரு மோதல், 3 புள்ளி, ஓயாத பஞ்சாயத்து

கோலாலம்பூர் விமான நிலையத்தை நெருங்கி விமானம் தாழப் பறக்கும்போது, ஜன்னலோர சீட்காரர்களுக்கு முதலில் தெரிவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள்தான். மலேசியத் தமிழர்கள் இதைச் செம்பனை என்கிறார்கள். வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே, பெரிய இலைகளைக் கவிழ்த்து வைத்ததுபோல வெள்ளைக் கூரைகளும், அவற்றைச் சுற்றி நெளிந்து ஓடும் ஒரு கறுப்புப் பாதையும் இருக்கின்றன. அதுதான் செபாங் சர்வதேச ரேஸ் டிராக்.

தமிழ்நாட்டிலிருந்து மலேசியா டூர் போகிறவர்களின் பட்டியலில் பத்துமலை முருகன் இருப்பார், இரட்டைக் கோபுரம் இருக்கும், கெந்திங் மலை இருக்கும். செபாங் பெரும்பாலும் இருக்காது. ஆனால், வீட்டில் பைக் ரேஸ் பார்க்கும் பிள்ளை ஒன்று இருந்தால் கதை வேறு. 'செபாங்' என்று சொன்னதுமே அந்தப் பிள்ளை அடுத்துச் சொல்லும் பெயர்கள் ரோஸி, மார்க்கெஸ். 2015-ல் இங்கே நடந்த ஒரு மோதலும், அதற்குக் கொடுக்கப்பட்ட தண்டனையும் இன்றுவரை ரசிகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருக்கின்றன.

5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள்

மலேசியாவில் உலகத்தரப் பைக் ரேஸ் தொடங்கியது செபாங்கில் அல்ல. 1991 முதல் 1997 வரை ஷா ஆலம் டிராக்கிலும், 1998-ல் ஜொகூரிலும் நடந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் டில்கே வடிவமைத்த செபாங் டிராக் 1999-ல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே பைக் ரேஸும் ஃபார்முலா 1 கார் ரேஸும் இங்கே வந்தன. ஃபார்முலா 1 கார்கள் 2017-டன் விடைபெற்றுவிட்டன. பைக்குகள் இன்றும் வருகின்றன.

ஒரு சுற்றின் நீளம் 5.543 கிலோமீட்டர். மொத்தம் 15 வளைவுகள். அவற்றில் 10 வலப்பக்கம், 5 இடப்பக்கம் திரும்புகின்றன. இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள் அருகருகே ஓட, அவற்றுக்கு நடுவே மெயின் கிராண்ட்ஸ்டாண்ட் நிற்கிறது. முன்பக்கம் உட்கார்ந்தால் ஒரு நேர்ப்பாதை, பின்பக்கம் உட்கார்ந்தால் இன்னொன்று.

வெயிலும் மழையும் இங்கே ஒரே நாளில் வந்து போகும். காலையில் தார் கொதிக்கும். மதியம் திடீரென்று இடி இடித்து, டிராக்கில் தண்ணீர் ஓடும். அரைமணி நேரத்தில் மறுபடி வெயில். தொப்பி, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு மூன்றும் பையில் இருக்க வேண்டும் என்பது இங்கே வரும் ரசிகர்களின் முதல் பாடம்.

11-வது வளைவின் நினைவு

14-வது வளைவின் கதையைக் கேட்பதற்கு முன், 11-வது வளைவில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். 2011 அக்டோபர் 23 அன்று, ரேஸின் இரண்டாவது சுற்றில், இத்தாலியின் மார்க்கோ சிமோன்செல்லி இந்த வளைவில் கட்டுப்பாடு இழந்தார். பைக்கோடு சேர்ந்து டிராக்கின் குறுக்கே வந்த அவர்மீது, பின்னால் வந்த காலின் எட்வர்ட்ஸ், வாலன்டினோ ரோஸி ஆகியோரின் பைக்குகள் மோதின. சிமோன்செல்லி உயிரிழந்தார். வயது 24. ரேஸ் ரத்து செய்யப்பட்டது. சிமோன்செல்லி ரோஸிக்கு நெருங்கிய நண்பர், தம்பி மாதிரி. அந்த விபத்தில் யார்மீதும் குற்றம் இல்லை.

இதை ஏன் சொல்ல வேண்டும்? பைக் ரேஸில் ஒரு மோதல் என்பது காரில் பம்பர் உரசுவது போன்றது அல்ல. ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் கூண்டு கிடையாது. விழுந்தவர் தார்மீது கிடப்பார். பின்னால் வருகிறவருக்குப் பிரேக் பிடிக்க நேரம் இருக்காது. 'இன்னொருவரைத் தள்ளிவிடாதே' என்ற விதி வெறும் விளையாட்டு ஒழுக்கத்துக்காக எழுதப்பட்டதல்ல, உயிருக்காக எழுதப்பட்டது. செபாங் டிராக்கில் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2015 அக்டோபர் 25, 7-வது சுற்று

சிமோன்செல்லி இறந்து நான்கு ஆண்டுகளும் இரண்டு நாள்களும் ஆகியிருந்தன. அந்த சீசனில் மீதமிருந்தவை இரண்டே ரேஸ்கள். பட்டியலில் ரோஸி 296 புள்ளிகளோடு முதலிடம். அவரோடு ஒரே யமஹா அணியில் ஓட்டிய ஸ்பெயினின் ஹோர்ஹே லொரென்ஸோ 285. ஒன்பது முறை உலக சாம்பியனான ரோஸிக்கு அப்போது வயது 36. பத்தாவது பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஸ்பெயினின் இன்னொரு வீரர், ஹோண்டா அணியின் மார்க் மார்க்கெஸ், பட்டப் போட்டியிலேயே இல்லை. ஆனால், பிரச்னை அவரைச் சுற்றித்தான் கிளம்பியது. ஒரு வாரத்துக்கு முன் ஆஸ்திரேலியாவில் நடந்த ரேஸில் மார்க்கெஸ் தன் வேகத்தைக் கெடுத்து லொரென்ஸோவுக்கு உதவினார் என்று, செபாங்கில் வியாழக்கிழமை நடந்த செய்தியாளர் சந்திப்பில் வெளிப்படையாகவே ரோஸி குற்றம்சாட்டினார். மார்க்கெஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஆஸ்திரேலிய ரேஸில் ஜெயித்தவர் மார்க்கெஸ். இரண்டாவதாக வந்தவர் லொரென்ஸோ!

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் தொடங்கியதும் டேனி பெட்ரோஸாவும் லொரென்ஸோவும் முன்னால் போய்விட்டார்கள். மூன்றாம் இடத்துக்கு ரோஸியும் மார்க்கெஸும் மல்லுக்கட்டினார்கள். ஒருவர் முந்துவார், அடுத்த வளைவிலேயே மற்றவர் திரும்ப முந்துவார். ஒரே சுற்றில் பலமுறை இடம் மாறினார்கள். அவர்கள் இப்படி மோதிக்கொண்டிருக்க, லொரென்ஸோ எட்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

14-வது வளைவு வலப்பக்கம் திரும்புவது. 13-வது வளைவில் சாய்ந்த நிலையிலேயே பிரேக் பிடித்து உள்ளே வர வேண்டிய, கஷ்டமான இடம். இதிலிருந்து வெளியேறினால் நீண்ட நேர்ப்பாதை. 7-வது சுற்றில் ரோஸி உட்புறம், மார்க்கெஸ் வெளிப்புறம். வழக்கமான பாதையில் திரும்பாமல் ரோஸி வேகம் குறைத்து, வெளிப்பக்கமாகவே போனார். திரும்பி மார்க்கெஸைப் பார்த்தார். இருவரும் உரசினார்கள். ரோஸியின் இடது கால் ஃபுட்பெக்கை விட்டு வெளியே வந்தது. மார்க்கெஸ் விழுந்தார். அவருடைய ரேஸ் அங்கேயே முடிந்தது.

ரோஸி நிற்காமல் ஓட்டி மூன்றாவதாக வந்தார். பெட்ரோஸா முதலிடம், லொரென்ஸோ இரண்டாமிடம்.

தண்டனை எங்கே, எப்போது?

உலகமே டிவியில் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ரேஸை நடத்தும் 'ரேஸ் டைரக்‌ஷன்' குழு எந்தத் தண்டனையும் அறிவிக்கவில்லை. ரேஸ் முடிந்த பிறகு இருவரையும் கூப்பிட்டு விசாரித்தது. பிறகு தீர்ப்பு வந்தது.

மார்க்கெஸ் வேண்டுமென்றே ரோஸியின் வேகத்தைக் கெடுக்கப் பார்த்தார் என்றே குழு கருதியது. ஆனால், அவர் முந்திய விதத்தில் விதிமீறல் எதுவும் இல்லை. ரோஸியோ அதற்குப் பதிலடியாக வேண்டுமென்றே வெளியே ஓட்டி, மார்க்கெஸை டிராக்கின் ஓரத்துக்குத் தள்ளி, மோதலுக்குக் காரணமானார். 'காலால் உதைத்தாரா, இல்லையா' என்று ரசிகர்கள் சண்டை போட்டார்களே, தண்டனை அதற்காக அல்ல. வெளியே தள்ளியதற்காக.

தண்டனை, 3 பெனால்டி புள்ளிகள். இது என்ன கணக்கு? 2013-ல் கொண்டுவந்த முறை இது. நம் ஊர் டிரைவிங் லைசென்ஸில் தப்புக்கு ஒரு ஓட்டை போட்டால் எப்படியோ, அப்படி. தப்புக்குத் தகுந்தபடி புள்ளி ஏறும். 4 புள்ளி சேர்ந்தால் அடுத்த ரேஸில் கடைசி இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். 7 சேர்ந்தால் பிட் லேனிலிருந்து. 10 சேர்ந்தால் அடுத்த ரேஸிலேயே ஓட்ட முடியாது. அந்த செப்டம்பரில் இத்தாலியின் மிசானோவில், தகுதிச்சுற்றில் லொரென்ஸோவின் பாதையில் மெதுவாகப் போனதற்காக ரோஸி ஏற்கெனவே 1 புள்ளி வாங்கியிருந்தார். 1-ம் 3-ம் சேர்ந்து 4.

அதாவது, செபாங்கில் செய்த தப்புக்கு செபாங்கில் எதுவும் குறையவில்லை. மூன்றாம் இடத்துக்கான 16 புள்ளிகள் ரோஸிக்குக் கிடைத்தன. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்பெயினின் வலென்சியாவில், சீசனின் கடைசி ரேஸில், கடைசி வரிசையிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதுதான் தண்டனை.

ரோஸி அங்கேயே மேல்முறையீடு செய்தார். தள்ளுபடியானது. சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். வலென்சியா ரேஸுக்கு மூன்று நாள்களுக்கு முன், தண்டனையை நிறுத்திவைக்க முடியாது என்று அந்த நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நவம்பர் 8. 26-வது இடத்திலிருந்து கிளம்பிய ரோஸி ஒவ்வொருவராக முந்தி நான்காவதாக வந்தார். லொரென்ஸோ ஜெயித்தார். இறுதிக் கணக்கு, லொரென்ஸோ 330, ரோஸி 325. வெறும் 5 புள்ளி. அன்று ரோஸி இரண்டாவதாக வந்திருந்தால் 332 ஆகியிருக்கும், பட்டம் அவருக்கு. பத்தாவது பட்டம் அதற்குப் பிறகு வரவே இல்லை.

எது நியாயம்?

ரோஸி ரசிகர்களின் வாதம் இது. சீண்டியவரை விட்டுவிட்டு, பதிலடி கொடுத்தவரை மட்டும் பிடித்தார்கள். 2013-ல் ஸ்பெயினின் ஹெரெஸ் டிராக்கில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் இதே மார்க்கெஸ் லொரென்ஸோமீது இடித்து முன்னேறினார். தண்டனை இல்லை. 2005-ல் அதே வளைவில் ரோஸியே செட்டே கிபெர்னாவை இடித்துவிட்டு ஜெயித்தார். அதற்கும் தண்டனை இல்லை. அப்போதெல்லாம் 'ரேஸ் என்றால் அப்படித்தான்' என்றவர்கள் செபாங்கில் மட்டும் ஏன் மாறினார்கள்?

எதிர்த்தரப்பு வாதமும் லேசானதல்ல. ஹெரெஸில் நடந்தவை முந்தும் முயற்சியில் நடந்த உரசல்கள். செபாங்கில் ரோஸி முந்தப் பார்க்கவில்லை. இன்னொருவரின் பாதையை அடைத்தார். சீண்டல் எரிச்சலூட்டும், ஆனால் அது விதிமீறல் அல்ல. தள்ளுவது விதிமீறல். ரோட்டில் ஒருவர் ஹாரன் அடித்து எரிச்சலூட்டினார் என்பதற்காக அவரை ஓரத்தில் ஒதுக்கி விழவைத்தால், போலீஸ் யாரைப் பிடிக்கும்?

கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அன்றே கறுப்புக் கொடி காட்டி ரோஸியை வெளியேற்றியிருந்தால், செபாங்கில் அவருக்கு 0. லொரென்ஸோ 305, ரோஸி 296 என்று வலென்சியாவுக்குப் போயிருப்பார்கள். அங்கே ரோஸி ஜெயித்து, லொரென்ஸோ இரண்டாவதாக வந்திருந்தாலும் 325-க்கு 321. பட்டம் லொரென்ஸோவுக்கே. ஆக, கொடுத்த தண்டனை கடுமையா, சலுகையா? இரண்டு கட்சியும் ஒரே தண்டனையைக் காட்டி 'அநியாயம்' என்றார்கள்.

இந்தச் சத்தத்தில் ஒருவரை எல்லோரும் மறந்துபோனார்கள். விழுந்தவரை. மார்க்கெஸுக்கு அன்று கிடைத்தது 0. ரோஸி வலென்சியாவில் கடைசி வரிசையில் நின்றதால் மார்க்கெஸுக்கு ஒரு புள்ளிகூடத் திரும்பி வரவில்லை. தப்பு செய்தவர் மேடையில் நின்று கோப்பை வாங்கினார், விழுந்தவர் கராஜுக்குத் திரும்பினார். அன்றைய டிக்கெட் வாங்கி வெயிலில் உட்கார்ந்திருந்த ரசிகர் கண்ணால் பார்த்தது இதைத்தான்.

செபாங் தீர்ப்பின் உண்மையான ஓட்டை இங்கேதான் இருந்தது. 3 புள்ளி சரியா, தப்பா என்பதில் அல்ல. தப்பு ஓர் இடத்தில், தண்டனை வேறோர் இடத்தில். தண்டனையின் எடையும் தப்பை வைத்து முடிவாகவில்லை, காலண்டரை வைத்து முடிவானது. அதே 4 புள்ளி சீசன் நடுவில் சேர்ந்திருந்தால், ஒரு ரேஸில் கொஞ்சம் பின்தங்கியிருப்பார், அவ்வளவுதான். கடைசி ரேஸுக்கு முன் சேர்ந்ததால் ஒரு உலகப் பட்டமே அதன்மீது தொங்கியது.

மாறிய விதிகள்

அடுத்த சில ஆண்டுகளில் விதிப் புத்தகம் மாறியது. 2016 முதல், தண்டனை கொடுக்கும் வேலை ரேஸ் டைரக்‌ஷனிடமிருந்து தனி ஸ்டூவர்டு குழுவுக்குப் போனது. ரேஸை நடத்துபவர்களே தீர்ப்பும் சொல்வது சரியில்லை என்ற பேச்சு அதற்கு முன் பலமாகவே இருந்தது. 2017-ல் பெனால்டி புள்ளி முறையே எடுக்கப்பட்டது. 2019-ல் முன்னாள் உலக சாம்பியன் ஃப்ரெடி ஸ்பென்சர் ஸ்டூவர்டு குழுவின் தலைவரானார்.

அதே 2019-ல் வந்ததுதான் 'லாங் லேப்' பெனால்டி. ஒவ்வொரு டிராக்கிலும் ஏதாவது ஒரு வளைவின் வெளிப்புறத்தில் கோடு போட்டுத் தனிப் பாதை வைத்திருப்பார்கள். தண்டனை பெற்றவர் ரேஸ் ஓடும்போதே அந்தச் சுற்றுப்பாதையில் போய் வர வேண்டும். சில விநாடிகள் போகும், இரண்டு மூன்று இடங்கள் இறங்கும். தப்பு செய்தது யார், என்ன விலை கொடுத்தார் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மாற்றம் எப்படி வேலை செய்தது என்பதற்கு விதியே ஓர் உதாரணம் வைத்தது. 2018 ஏப்ரல் 8, அர்ஜென்டினா. அதே இருவர், ஆனால் வேடம் மாறியிருந்தது. ஈரம் காயாத டிராக்கில் மார்க்கெஸ் உள்ளே புகுந்து இடிக்க, ரோஸி புல்வெளிக்குப் போய் விழுந்தார். மார்க்கெஸ் ஐந்தாவதாக ரேஸை முடித்தார். ஆனால், அவருடைய நேரத்தோடு 30 விநாடிகள் சேர்க்கப்பட்டன. ஐந்தாவது இடம் பதினெட்டானது, புள்ளி 0. அடுத்த ரேஸுக்கு எதுவும் பாக்கி வைக்கவில்லை.

அப்படியும் எல்லோருக்கும் திருப்தி வந்துவிடவில்லை. மன்னிப்புக் கேட்க யமஹா கராஜுக்குப் போன மார்க்கெஸை உள்ளே விடவில்லை. விழுந்த ரோஸிக்கு இழந்த புள்ளிகள் திரும்பக் கிடைக்கவில்லை. எந்த விதியாலும் விழுந்தவரை எழுப்பி, பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியாது. ஆனால், தப்புக்கும் தண்டனைக்கும் நடுவிலிருந்த தூரம் பத்தாயிரம் கிலோமீட்டரிலிருந்து ஒரே ரேஸுக்குச் சுருங்கியது.

செபாங்கும் ரோஸியும்

இந்த ஊருக்கும் ரோஸிக்கும் உள்ள கணக்கு அதோடு முடியவில்லை. 2018-ல் செபாங்கில் வெகுநேரம் முன்னணியில் ஓடிய ரோஸி, நான்கு சுற்றுகள் மீதமிருக்கும்போது முதல் வளைவில் வழுக்கி விழுந்தார். ஜெயித்தது மார்க்கெஸ். 2021-ல், தன் கடைசி சீசனில், ரோஸி ஓட்டியது எந்த அணிக்குத் தெரியுமா? செபாங் டிராக்கின் பெயரையே தாங்கிய மலேசிய அணிக்கு. ஆனால், கொரோனாவால் அந்த ஆண்டு செபாங் ரேஸ் ரத்தானது. செபாங் அணியின் சட்டையில் செபாங் டிராக்கில் ரேஸ் ஓட்டும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

ரேஸ் நாளில் நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களைக் கவனிக்க வேண்டும். மலேசிய ரேஸ் வழக்கமாக அப்போதுதான் வரும். கே.எல். சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு ரயிலில் அரைமணி நேரம். அங்கிருந்து டிராக்குக்கு டாக்ஸியில் சிறிது தூரம்தான். மெயின் கிராண்ட்ஸ்டாண்டில் பின்பக்கம் உட்கார்ந்தால், 14-வது வளைவிலிருந்து சீறி வெளியேறும் பைக்குகளைப் பார்க்கலாம். குழந்தைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம் வேண்டும். ரேஸ் இல்லாத காலத்தில் போகிறவர்களுக்கு கோ-கார்ட் டிராக் இருக்கிறது.

திரும்பும் வழியில் ஏதாவது ஒரு மாமாக் கடையில் நிறுத்தாமல் பயணம் முழுமையாகாது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளுக்கு மலேசியாவில் அதுதான் பெயர். நம்முடைய 'மாமா'விலிருந்து வந்த சொல். ரொட்டி சானாய், தே தாரே, சுவரில் பெரிய டிவி. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மேட்ச் பார்க்கும் இடம். அங்கே 'ரோஸியா, மார்க்கெஸா' என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டால் போதும், அடுத்த தே தாரே வரும்வரை பேச்சு நிற்காது.